தும்பைப் பூ தேடிப் போன காலை

என் மனைவிக்கு விக்கல் பிடித்துக்கொண்டது ஐப்பசி மாதத்தில். கல்லீரலில் இருந்த கட்டி பெரிதாகிவிட்டது, அதுதான் கீழிருந்து தள்ளுகிறது என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்து, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மாத்திரைக்கு விக்கல் நிற்கவில்லை. சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் ஏற்றுமுன் முடிச்சுப் போடுகிறவள் அவள். படுக்கையில் இருந்தபடியே துணியை எடுத்து முடிச்சுப் போடப் பார்ப்பாள். ஒவ்வொரு விக்கலுக்கும் உடம்பு தூக்கிப்போடும், நூல் விரலை விட்டு நழுவிவிடும். சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் விக்கல் எழுப்பிவிட்டது. ஒரு விடிகாலையில் என் கையைப் பிடித்து, விக்கலுக்கு நடுவே, "கழுத்த அமுக்கிருங்க. யாரும் கேக்க மாட்டாக" என்றாள். வெளியே வந்து, நான் ஓட்டும் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வீட்டில் இருக்கும் மதினி, என் அண்ணன் சம்சாரம், வந்து நின்றாள். "தும்பப் பூவப் பால்ல போட்டுக் காய்ச்சிக் குடுத்துப் பாருங்க. எங்க அப்பாவுக்கு அதுலதான் நின்னுச்சு."

தும்பை எங்கும் கிடக்கும் களை என்றுதான் நினைத்திருந்தேன். மதினியை அவளுக்குத் துணையாக வைத்துவிட்டு ஆட்டோவை எடுத்தேன். அம்பாத்துரை வரைக்கும் ரோட்டோரத்தில் ஒரு செடி இல்லை. நாலுவழிச் சாலைக்காக ஓரத்தையெல்லாம் சுரண்டியிருந்தார்கள். கொடைரோடு பக்கம் திரும்பி, வரப்பு வரப்பாக இறங்கி நடந்தேன். பார்த்தீனியம் இருந்தது, நெருஞ்சி இருந்தது. இரண்டு பேர் ஆட்டோ கேட்டுக் கை காட்டினார்கள், நிற்கவில்லை. ஒவ்வொரு வரப்பும் வெறுமையாகக் கிடக்கக் கிடக்க, அவள் கேட்டதைச் செய்வதைத் தவிர வேறு வழியே இல்லையோ என்று தோன்றியது.

ஒரு மல்லிகைத் தோட்டத்து வாய்க்காலில் கண்டேன். முழங்கால் உயரம், கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. உட்கார்ந்து இரண்டு கையாலும் உருவினேன்.

"அதத் தொடாதீங்க. நேத்துத்தான் களைக்கு மருந்தடிச்சோம்."

பூப் பறித்துக்கொண்டிருந்த பெண் மடியில் மல்லிகையோடு எழுந்து வந்தாள். கையில் இருந்ததைக் கீழே போட எனக்கு மனம் வரவில்லை.

"கழுவிட்டா ஆகாதா?" என்றேன்.

"யாருக்கு?"

"வீட்டுக்காரிக்கு. விக்கல் நிக்கல. சாகக் கெடக்கா."

வெளியில் ஒருவரிடம் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் முறை. அவள் என் கையைத் தட்டிப் பூவை உதறினாள். பம்புசெட் தொட்டியில் கையைக் கழுவச் சொன்னாள். பிறகு மோட்டார் ரூமுக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"கெணத்துப் பக்கம் அடிக்கிறதில்ல. மருந்து தண்ணியில எறங்கிரும்" என்றாள்.

அங்கே கொஞ்சம் செடி நின்றது. தும்பைப் பூ நெல்லளவுதான் இருக்கும்; என் விரலில் பாதி நசுங்கிப்போனது. அவள் மல்லிகை பறிக்கிற வேகத்தில் பறித்து, வாழை இலையில் சுருட்டிக் கொடுத்தாள்.

வீட்டில் மதினி பாலைக் காய்ச்சினாள். முதல் வாய் வெளியே வந்துவிட்டது. ஸ்பூனால் மெல்ல மெல்லக் கொடுத்தேன். விக்கலுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. இன்னொன்று வரும் வரும் என்று பார்த்திருந்தோம்.

"சீனி போடலயா?" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு உடையாமல் வந்த பேச்சு.

உட்கார்ந்தபடியே என் தோளில் சாய்ந்து தூங்கினாள். கை மரத்துப்போனது, நான் அசையவில்லை. பொழுது சாயும் நேரத்தில் ஒரு குலுக்கல். கண்ணைத் திறந்தாள்.

"வந்திருச்சுங்க."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். மாத்திரையை மாற்றி ஊசி போட்டார்கள். விக்கல் அடங்கியது, ஆனால் அதற்குப் பிறகு அவள் பெரும்பாலும் மயக்கத்தில்தான் கிடந்தாள். கார்த்திகை பிறக்கும் முன் போய்விட்டாள். அன்று பூவால்தான் நின்றது என்று மதினி இன்றும் சொல்கிறாள். உடம்பு ஓய்ந்துபோய்த்தான் விக்கல் நின்று தூங்கியிருப்பார் என்றார் டாக்டர். நான் இரண்டு பேரிடமும் சரி என்றுதான் சொன்னேன்.