இடப் பக்கத்துக் குளிர்

முன்னோருக்குப் படைக்கும் நாளில் காரைக்குடி வீட்டுக்கு வரும் பங்காளிகள் எல்லோருக்கும் அறை உண்டு, கணக்கில். படுக்கப் போகும்போதுதான் தெரியும், எங்கள் அறையின் சாவி கோலாலம்பூரில் ஒரு தம்பியின் மேசைக்குள் கிடக்கிறது என்று. மற்றவர்கள் வளவில், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், பாயை விரித்துவிடுவார்கள். என் மனைவியால் அது முடியாது. அந்த வருஷம் அவளுக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. கொஞ்சம் புழுங்கினாலும் உடம்பெல்லாம் எரியும்.

"கார்லயே படுத்துக்குவோமே" என்றாள். புதிதாக வாங்கிய மின்சாரக் கார். என்ஜின் கிடையாது, புகை கிடையாது. விடிய விடிய ஏசியை ஓடவிடலாம். வாசலில் வேப்பமரத்தடியில் நிறுத்தி, முன் இருக்கைகளைச் சாய்த்துப் படுத்தோம். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகக் குளிர் வைக்கிற வண்டி. இடப் பக்கம் அவளுக்குப் பதினெட்டு. என் பக்கம் இருபத்தாறு, அப்படியும் நான் போர்வைக்குள்.

கண் அயர்ந்ததும் கண்ணாடியில் டொக் டொக். என் பெரியப்பச்சி மகனின் மனைவி, அண்ணி முறை, நாங்கள் அண்ணமிண்டி என்று கூப்பிடுகிறவர், டார்ச் லைட்டோடு நின்றார்.

"உசுரோட இருக்கீகளா? பூட்டுன கார்ல ஏசி போட்டுப் படுத்தா மூச்சு முட்டிப் போகுமாம்ல!"

என்ஜினே இல்லை, புகை எங்கிருந்து வரும் என்று பாடம் எடுத்தேன். தலையாட்டிவிட்டுப் போனவர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். மறுபடியும் வந்தார். வரும்போதெல்லாம் இடப் பக்கம்தான் தட்டுவார். எனக்கு எரிச்சலாக வந்தது. அவளோ படுத்தபடியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுச் சிரித்தாள். சிகிச்சை தொடங்கியபின் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"வந்துட்டுப் போகட்டும், விடுங்க. நான் இருக்கேனான்னுதானே பாக்குறாக."

அடுத்த படைப்பு வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

இந்த முறை பார்த்து, சாவி வந்திருந்தது. அறையில் கட்டில்கூடப் போட்டுவைத்திருந்தார்கள். நான் காருக்குத்தான் போனேன். சார்ஜ் குறைவாக இருந்தது. காலையில் தேவகோட்டை ரோட்டில் இருக்கும் சார்ஜர் வரைக்கும் வண்டி ஓடியாக வேண்டும். ஆளில்லாத பக்கத்துக் குளிரைக் குறைத்தால் மிச்சமாகும். கை நீட்டினேன், மனசு வரவில்லை. பதினெட்டிலேயே ஓடட்டும் என்று விட்டுவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். எனக்கு அவள் வேண்டும். இத்தனை நாளுக்குப் பிறகும் எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்.

டொக் டொக். இடப் பக்கக் கண்ணாடி. டார்ச் வெளிச்சம் காலி இருக்கையில் விழுந்து அப்படியே நின்றது. நான் எட்டி, அந்த வெளிச்சத்துக்குள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

அண்ணமிண்டி காரைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். கண்ணாடியை இறக்கினேன்.

"பழக்கத்துல அங்குட்டே தட்டிப்புட்டேன்ப்பா" என்றார்.

"அங்குட்டே தட்டுங்க" என்றேன்.