பெருங்காயம் உபகரணமான கதை

1. பைன் மரம்

பார்கின்சன் ஆய்வுத் திட்டத்தில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் நாளே என்னைப் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் ஒரு ஸ்டோருக்கு அனுப்பினார்கள். இந்த நோயில் கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல வருஷம் முன்பே சிலருக்கு வாசனை தெரிவது குறைந்துவிடும். அதை வைத்து நோயை முன்கூட்டியே பிடிக்க முடியுமா என்று பார்ப்பதற்குத்தான் கிராண்ட், அதாவது ஆய்வுப் பணம். அதில் ஒரு வெளிநாட்டு வாசனைப் புத்தகம் வாங்கியிருந்தார்கள். பக்கத்தைச் சுரண்டி முகர்ந்து, நான்கு விடைகளில் ஒன்றை டிக் அடிக்க வேண்டும்.

வெள்ளைக் கோட்டைப் பார்த்து அங்கே எல்லாருக்கும் நான் நர்சம்மா. முதலில் உட்கார்ந்தவர் பேச்சியக்கா. காயை முகர்ந்தே ஈரம் சொல்பவர்.

“அக்கா, இது பைன் மரமா, தோலா, அதிமதுர மிட்டாயா, பெட்ரோலா?”

“புதுசா பெயிண்ட் அடிச்ச வீடு மாதிரி இருக்கு நர்சம்மா. அது இதுல இருக்கா?”

இல்லை. சரியான விடை பைன் மரம். பேச்சியக்கா தோற்றார். ஸ்டோரில் முக்கால்வாசிப் பேர் தோற்றார்கள்.

திட்டத் தலைவருக்கு ஒரே சந்தோஷம். “போடியில இவ்வளவு பேருக்கு ஆபத்தா! அடுத்த கிராண்டும் நமக்குத்தான்மா.”

“சார், கோளாறு மூக்குல இல்ல, புத்தகத்துல.”

“அப்படி எழுதினா யாரு காசு குடுப்பா?”

2. சமையல் பொருள்

அந்தச் சந்தோஷத்தில் பேச்சியக்கா தோற்றதை அவரே ஸ்டோர் முதலாளியிடம் உளறிவிட்டார். “மூக்கு போனவளுக்குத் தரம் பிரிக்கிற சோலி எதுக்கு?” என்று முதலாளி பேச்சியக்காவைச் சாக்குத் தைக்க அனுப்பினார். அக்கா என்னைத் திட்டவில்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

உள்ளூர் வாசனைகளை வைத்துச் சோதிக்க அனுமதி கேட்டு, பணம் கொடுக்கும் நிதிக் குழுவுக்கு எழுதினேன். ‘பெருங்காயம் ஆய்வு உபகரணம் அல்ல, சமையல் பொருள்’ என்று பதில் வந்தது. என் வீட்டு அடுக்களையிலிருந்தே எட்டு டப்பிகளை நிரப்பினேன்.

நிதிக் குழுத் தலைவர் பார்வையிட வந்தார். வடக்கத்திக்காரர், பல வருஷம் வெளிநாட்டில் இருந்தவர். டப்பிகளை அவர் முன்னால் வைத்தேன். கருவாட்டை முகர்ந்து பழைய செருப்பு என்றார். சீயக்காயைத் தேயிலை என்றார். திட்டத் தலைவர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டக் காட்ட, நான் அதே படிவத்தில் ‘அதிக ஆபத்து’ என்று எழுதி நீட்டினேன்.

“இதெல்லாம் எனக்குப் பழக்கமில்லையே” என்றார் ஆங்கிலத்தில்.

“பேச்சியக்காவுக்குப் பைன் மரம் பழக்கமில்லை சார்” என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

புது டெஸ்டுக்குப் பணம் வந்தது. ‘குழுத் தலைவரின் தொலைநோக்கில் உருவான சோதனை’ என்றது அறிக்கை. பெருங்காயமும் உபகரணமாகப் பதவி உயர்வு பெற்றது.

3. காலி டப்பி

புது டெஸ்டில் பேச்சியக்கா எட்டுக்கு எட்டு. வேடிக்கை பார்த்த முதலாளி, “கொண்டா, நானும் பாக்குறேன்” என்று உட்கார்ந்தார். மூன்றாவது டப்பியைத் திருப்பிக் கொடுத்தார்.

“இது காலி டப்பி நர்சம்மா.”

அது ஏலக்காய். பேச்சியக்காதான், “சளி புடிச்சிருக்கும் மொதலாளி” என்றார்.

சளி இல்லை. எங்கள் திட்டத்து டாக்டர் முதலாளியை நடக்கவிட்டுப் பார்த்தார். வலது கை வீசவில்லை. இன்னும் சில சோதனைகளுக்குப் பிறகு நோயின் பெயரைச் சொன்னார். மறுநாளே பேச்சியக்காவைப் பழைய இடத்தில் உட்காரவைத்தார் முதலாளி.

ஆய்வுக்கு ரத்த சாம்பிள் கொடுக்க முதலாளி ஒரு தடவையும் தவறியதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான்.

“மருந்து எப்ப வரும்?”

“ஆராய்ச்சி நடக்குது மொதலாளி.”

“வெரசா நடத்தச் சொல்லுத்தா.”

அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு, கிராண்டுக்காக ரிப்போர்ட்டின் நோயாளிக் கணக்கில் ஓர் ஆளைக்கூடக் கூட்டி எழுத எனக்கு மனசு வந்ததில்லை.