ஈரப் பாண்டு கனம் குறைவு

1. முதல் நாள்

சித்தாள் வேலைக்குப் போன முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அதற்கப்புறம் முப்பது வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. படித்தது அஞ்சாங்கிளாஸ். நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்குக் குரல் எழும்பாது.

அம்பத்தூரில் ஒரு காம்பவுண்டு சுவர் வேலை. மணல் அள்ளும் இரும்புச் சட்டியைப் பாண்டு என்போம். காலையில் குவியலின் மேலே வெயிலில் காய்ந்த மணலைச் சுமந்தோம். கழுத்து இறங்கியது. மத்தியானம் அடியில் இருந்த ஈர மணலுக்கு வந்தோம். அதே பாண்டு, அதே தலைதட்டல். ஆனால் கனம் குறைந்திருந்தது.

“ஈர மணலு லேசா கீது மேஸ்திரி” என்று சொல்லிவிட்டேன்.

மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “அப்ப பொடவைய நனைச்சுக் கட்டிக்கினு வா, பறந்துகினே வேல செய்யலாம்” என்றார். சைட்டே சிரித்தது. அந்த வேலை முடியும் வரை எனக்குப் பெயர் ‘பறக்கும் பொடவை’. அன்றைக்கு மூடிய வாய்தான்.

வாய் மூடினாலும் கழுத்து மூடாதே. வருஷக்கணக்காகச் சுமந்ததில் அது எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. காய்ந்த மணல் கனம். தண்ணீர் சொட்டுகிற மணல் அதைவிடக் கனம். நடுவில் ஒன்று இருக்கிறது. கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டும். அதுதான் லேசு. அந்த ஈரத்தில் மணல் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது. நடுவில் வெறும் காற்று. காய்ந்தால் பிடி விட்டு உதிரும். தண்ணீர் நிறைய ஊற்றினாலும் பிடி விட்டு உட்கார்ந்துவிடும். இதை யாரிடமும் சொல்லவில்லை.

2. அரை அடி

ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன ஒரு சார், திருமுல்லைவாயிலில் வீடு கட்டினார். தென்காசிப் பக்கத்துக்காரர். குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டிய நாள் நெருங்கியதால் அவருக்கு அவசரம். சூப்பர்வைசர் டில்லிக்கு அதைவிட அவசரம்.

பேஸ்மென்ட்டுக்குள் மூணடி ஆழத்துக்கு ஃபில்லிங் மணல் கொட்ட வேண்டும். நானும் ஸ்டெல்லாவும் சுமந்தோம். ஸ்டெல்லா என் கூட எட்டு வருஷமாக வேலை செய்கிறவள். சைட்டுக்கு நாலு தெரு தள்ளி வீடு. முறையாகச் செய்தால் ஒரு அடிக்கு ஒரு தடவை தண்ணீர் கட்டி, திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். டில்லி அதெல்லாம் வேண்டாம் என்றான். ஈர மணலை அப்படியே விளிம்பு வரை நிரப்பி மட்டம் தட்டி, டேப் வைத்துப் பார்த்துவிட்டுப் போனான். ரெண்டு நாளில் மேலே காங்கிரீட் போட ஏற்பாடு.

அன்று ராத்திரி நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தால் மணல் விளிம்பிலிருந்து அரை அடி கீழே கிடந்தது.

சாரும் வந்துவிட்டார். டில்லி அவரைப் பார்த்தான், பிறகு ஸ்டெல்லா பக்கம் திரும்பினான்.

“இன்னாமா, அரை அடி மணலு நடந்து பூட்ச்சா? உன் ஊட்டாண்ட நேத்து ஒரு குமி பார்த்தேனே, அது இன்னா?”

அவள் வீட்டு வாசலில் மணல் கிடந்தது உண்மை. கக்கூஸ் கட்ட அவள் வாங்கிப் போட்டது. வாங்கியதற்குச் சீட்டா வைத்திருப்பாள்? “மாதா மேல சத்தியமா, அது நான் வாங்குனது சார்” என்று அழுதாள். போலீசுக்குச் சொல்லப்போவதாக டில்லி செல்போனை எடுத்தான். ஸ்டெல்லாவுக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற பெண் ஒருத்தி இருந்தாள். திருடி என்று ஒரு தடவை பேர் விழுந்தால் அந்தத் தெருவில் யார் பெண் எடுப்பார்கள்?

“மணல யாரும் எடுக்கல. உக்காந்துச்சு” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

“ஆயா, நீ கம்முனு இரு” என்றான் டில்லி.

“முப்பது வருசம் கம்முனு இருந்தேன் நைனா. ஒரு வாளி குடு.”

3. வாளி

காலி பெயிண்ட் வாளி ஒன்று கிடந்தது. தார்ப்பாய்க்கு அடியில் மழை படாத ஒரு குவியல் மிச்சமிருந்தது, அதே லாரியில் வந்த ஈர மணல். அதை வாளியில் விளிம்பு வரை போட்டு, குச்சியால் மட்டம் தட்டி, சாரையே கிட்டே வந்து பார்க்கச் சொன்னேன். பிறகு ஒரு துளி சிந்தாமல் சாக்கின் மேல் கவிழ்த்தேன். வாளியில் பாதிக்குத் தண்ணீர் பிடித்து, அதே மணலைத் திரும்ப உள்ளே போட்டுக் கிளறிவிட்டேன். சாக்கையும் உதறிக் காட்டினேன்.

தண்ணீர் மேலே நின்றது. மணல் விளிம்பிலிருந்து நாலு விரல் கீழே நின்றுவிட்டது.

“இப்ப சொல்லு நைனா. மீதி மணல இதுலேர்ந்து யாரு திருடினா?”

சார் குனிந்து வாளிக்குள் கையை விட்டுப் பார்த்தார். மழை வராமல் இருந்திருந்தால் மேலே காங்கிரீட் போட்டிருப்பார்கள், அடியில் மணல் என்றைக்காவது இறங்கி, தரை அந்தரத்தில் நின்று வெடித்திருக்கும். நான் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே டில்லியைப் பார்த்து, “தண்ணி கட்டுனியாலே?” என்று கேட்டார். அவன் தலையைச் சொறிந்தான்.

இன்னொரு லோடு வரவழைத்து, தண்ணீர் கட்டி, இடித்து நிரப்பச் சொல்லிவிட்டு சார் ஓரமாகப் போய் நின்றார். எல்லாம் முடிந்தது போல டில்லி, “சரி சரி, வேலய பாருங்க” என்றான்.

நான் பாண்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன்.

“இன்னா ஆயா?”

“அவகிட்ட சொல்லு.”

ஸ்டெல்லாவும் தன் பாண்டைக் கவிழ்த்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். லாரி வந்து கொட்டிவிட்டுப் போனது. மணல் தானாக நடந்து உள்ளே போகாது. டில்லி ஒரு டீ குடித்துவிட்டு வந்தான், போனில் பேசினான், எங்களைச் சுற்றி நடந்தான். சார் ஓரத்தில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் டில்லி ஸ்டெல்லா முன்னால் வந்து நின்று, தரையைப் பார்த்தபடி, “தப்பா சொல்லிட்டேன்கா” என்றான்.

எழுந்து பாண்டை நிமிர்த்தினோம்.

அடுத்த சைட்டுக்கு அவன் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டாம். பூந்தமல்லியில் வேறு வேலை கிடைத்தது. அங்கே முதல் நாளே, தண்ணீர் கட்டிய பிறகுதான் மணலை அளக்க வேண்டும், இல்லாவிட்டால் பாண்டைத் தொட மாட்டேன் என்று சொல்லித்தான் வேலைக்கு ஏறினேன்.

புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் கழுத்துக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். ஒரு வாளி கேளுங்கள்.