மடிப்புக்குள் இருந்த மாத்திரைகள்

என் மனைவிக்கு எந்தெந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று நான் எழுதி வைத்திருந்ததை, சாரம் பகுதியில் ஒரு பிரிண்ட் கடைக்காரர் இன்று அழித்துவிட்டார்.

பென்டிரைவில் இருந்த கோப்பைப் பிரிண்ட் எடுக்க அவர் கணினியில் திறந்தேன். நீண்ட பகுதிகளைத் தலைப்பு மட்டும் தெரியும்படி மடித்துவிட்டுத்தான் நான் எதையும் படிப்பேன். இதையும் அப்படி மடித்துப் பார்த்துவிட்டு அவரிடம் விட்டேன்.

"வெறும் தலைப்பு ஒண்ணு நின்னுச்சி சார், தூக்கிட்டேன்."

"யோவ், அதுக்குள்ள ஒரு பக்கமே மடிஞ்சி கெடக்குது! சேவ் பண்ணாம மூடு. பென்டிரைவுல பழசு அப்படியே இருக்கும்."

நான் சொல்லி முடிப்பதற்குள் சேவ் செய்து மூடிவிட்டார்.

"சேவ் பண்ணாம மூடினா கஸ்டமருங்க திட்டுவாங்க சார்."

வீட்டில் சொன்னேன். "உங்ககூடவே இத்தனை வருஷம் குப்பை கொட்டிட்டேன், மாத்திரையா என்னை சாய்ச்சிடும்?" என்றாள்.

நாளைக் காலை புது டாக்டர் கேட்பார். ஆகவே, மகன் பழைய மருந்துச் சீட்டுகளை இன்றே பரணிலிருந்து இறக்க வேண்டும். கடைக்காரர் மடிப்பைப் பிரித்துப் பார்க்காமல் எதையும் அழிக்கக் கூடாது. எடிட்டர் மென்பொருளைச் செய்தவர்கள், மடித்த வரியை அழிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்க வைக்க வேண்டும்.

நான் செய்ய வேண்டியது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தால் கீழே எழுதுங்கள், மறுத்துப் பதில் போடுகிறேன்.