அவங்க ஊட்டுல உட்டுட்டு வா

பேய் வந்தால் பார்த்துக்கொள்ளச் சொல்லி என் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்தபோது எனக்கு ஒன்பது வயது. பிள்ளை பெற்றவளைத் தனியாக விடக் கூடாது, பக்கத்தில் ஓர் ஆளும் ஓர் இரும்பும் இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அரிவாளைத்தான் வைப்பார்கள். அது கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம், வீட்டிலிருந்த அரிவாளெல்லாம் கரும்புக் காட்டுக்குப் போய்விட்டன. அப்பா டிராக்டர் பெட்டியைத் துழாவி ஒரு ஸ்பேனரை எடுத்துவந்து, இரும்புன்னா இரும்புதானே என்று சொல்லிவிட்டார். ஆளுக்கு நான் கிடைத்தேன். கோடை விடுமுறை, எனக்கும் வேறு வேலை இல்லை.

பிள்ளை பெற்றவள் என் சின்னம்மா, அம்மாவுடைய ஒரே தங்கை. அவர்களைப் பெற்றவர்கள் இருவரும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் தலைப்பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்கே வந்திருந்தாள். எங்கள் வீடு ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரம். கல்யாணத்துக்கு முன்பு சின்னம்மா திருச்செங்கோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். வாய் ஓயாது. கடைக்கு வருகிறவர்களைப் போலவே பேசிக் காட்டுவாள், நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன். சித்தப்பா, ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியில் மேனேஜர். மத்தியப் பிரதேசத்தில் எங்கோ போர் போட்டுக்கொண்டிருந்தவர், பெண் குழந்தை பிறந்தது என்று கேட்டதும் ஓடிவந்து மூன்று நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். சீசனில் வண்டியை விட்டுவிட்டு அதற்கு மேல் நிற்க முடியாது.

அம்மா எதிலும் ஒரு குறை வைக்கவில்லை. வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர், காதில் பஞ்சு, தலையில் துண்டு, சுட்ட பூண்டு, பத்தியக் குழம்பு, பிள்ளை பெற்றவளுக்கான மருந்து உருண்டை எல்லாம் நேரம் தவறாமல் நடந்தன. அம்மாவைப் போலப் பிரசவம் பார்க்க ஆளில்லை என்று ஊரே சொன்னது. சின்னம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

சின்னம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். குழந்தை தூங்கும்போதும் அவள் தூங்க மாட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். சத்தமே இல்லாமல் கண்ணிலிருந்து தண்ணீர் வரும். சாம்பிராணிப் புகை என்று நான் நினைத்துக்கொண்டேன். அம்மா பார்த்துவிட்டால், "அழுவாத, பால் வத்திப் போயிரும்" என்பாள். சின்னம்மா உடனே முகத்தைத் துடைத்துக்கொள்வாள். இவ்வளவு சொல்பேச்சுக் கேட்கிறாளே என்று அம்மாவுக்குத் திருப்தி.

ஒரே ஒரு விஷயம் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. சின்னம்மா குழந்தையிடம் மரியாதையாகப் பேசினாள். "பசிக்குதுங்களா? இருங்க, வாரேன்." "ஏனுங்க அழுவறீங்க?" எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தையையும் வாங்க போங்க என்று கொஞ்சுவது உண்டுதான். ஆனால் அதோடு கட்டாயம் ஒரு சாமி சேரும். வாங்க சாமி, தூங்குங்க சாமி என்றுதான் சொல்வோம். சின்னம்மா என்னைச் சாமி என்றாள், பால் ஊற்ற வருகிறவரைக்கூடச் சாமி என்றாள். குழந்தைக்கு மட்டும் வெறும் 'ங்க'தான். பார்க்க வந்தவர்கள், பெற்ற பிள்ளைக்கு இத்தனை மரியாதையா என்று கன்னத்தில் கைவைத்துச் சிரித்தார்கள். அவள் கொஞ்சுகிறாள் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டோம். கடைக்கு வந்த ஆளிடம் பேசுகிற அதே குரல் அது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதையும் பேசிக் காட்டுகிறாள் போலிருக்கிறது என்று நானும் சிரித்துவைத்தேன்.

பதினைந்தாம் நாளோ என்னவோ நர்ஸம்மா வந்தார். சுகாதார நிலையத்திலிருந்து ஸ்கூட்டியில் வீடு வீடாக வருகிறவர். குழந்தையைத் துணியில் தொங்கவிட்டு எடை பார்த்தார். பிறகு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு சின்னம்மாவைக் கேட்க ஆரம்பித்தார். தூக்கம் வருகிறதா, சாப்பிடப் பிடிக்கிறதா, காரணம் இல்லாமல் அழுகை வருகிறதா, பயமாக இருக்கிறதா.

"அவளுக்கென்னங்க, ராசாத்தியாட்ட இருக்கறா" என்றாள் அம்மா.

நர்ஸம்மா மறுபடியும் சின்னம்மாவையே பார்த்துக் கேட்டார். அம்மா மறுபடியும் பதில் சொன்னாள். எல்லாக் கேள்விக்கும் அம்மாதான் பதில் சொன்னாள். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையின் தாளையும் சேர்த்து எழுதிவிட்டது போல அவள் முகத்தில் ஒரு பெருமை. கொஞ்சம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி நர்ஸம்மா அம்மாவை எழுப்பிவிட்டதும் என் பக்கம் திரும்பினார். "நீதான கூடவே இருக்கற. சின்னம்மா எப்படி இருக்காங்க, நீ சொல்லு கண்ணு."

எனக்கு எல்லாம் தெரியும். அழுவது தெரியும், தூங்காதது தெரியும். ஆனால் வெளியாட்களிடம் எதையாவது உளறினால் குழந்தைக்குக் கண் பட்டுவிடும் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். சின்னம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடு என்று பார்த்தாளா, சொல்லாதே என்று பார்த்தாளா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "நல்லா இருக்காங்க" என்றேன். நர்ஸம்மா தன் போன் நம்பரை ஒரு தாளில் எழுதிச் சின்னம்மாவின் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு சின்னம்மா என்னை விடவே இல்லை. ஒன்றுக்குப் போக எழுந்தாலும் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"என்னையத் தனியா உட்டுப்போட்டுப் போயிராத சாமி."

"பேயா சின்னம்மா?"

"ஆமா சாமி, பேய்தான்" என்றாள். எங்கே இருக்கிறது என்று கேட்டேன். இங்கேயேதான் என்றாள். நான் ஸ்பேனரோடு கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒரு மூட்டை நிலக்கடலை இருந்தது. ஒன்றும் இல்லை என்று தைரியம் சொன்னேன். என் கடமையை நான் சரியாகச் செய்துகொண்டிருந்ததாகவே நினைப்பு.

இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு மத்தியானம். எங்களுக்குத் தண்ணீர் முறை என்பதால் அப்பாவும் அம்மாவும் வாழைக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தார்கள். குழந்தை நெடுநேரமாக அழுதுகொண்டிருந்தது. சின்னம்மா காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், திடீரென்று எழுந்து வந்து குழந்தையைத் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தாள். என் இடது கையை வளைத்து, குழந்தையின் தலை அதில் பொருந்துகிறதா என்று பார்த்தாள். வெயில் படாமல் துண்டின் நுனியை இழுத்து முகத்துக்கு மேலே விட்டாள்.

"இவங்களக் கொண்டுபோயி அவங்க ஊட்டுல உட்டுட்டு வா" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த வீடு என்று கேட்டேன். "உங்கம்மாகிட்டக் குடுத்துரு. ஓடாத. நெழலோரமாவே போ." குழந்தையைத் தூக்க இரண்டு கையும் வேண்டும், ஆகவே ஸ்பேனரைக் கட்டில் மேல் வைத்துவிட்டு இறங்கினேன். பின்னால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அதற்கு முன் ஒருநாளும் அவள் தாழ்ப்பாள் போட்டதில்லை.

வாழைத்தோட்டம் இரண்டு காடு தள்ளி இருந்தது. என்னைப் பார்த்ததும் அம்மா மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தாள். குழந்தையை வாங்கின கையோடு என் முதுகில் ஓர் அறை விழுந்தது. பச்சைக் குழந்தையை உச்சி வெயிலில் தூக்கிக்கொண்டு வருவதா, இரும்பை வேறு விட்டுவிட்டா வந்தாய் என்று கேட்டு இன்னொன்று வைத்தாள். அழுதுகொண்டே, நானாக வரவில்லை, சின்னம்மா சொன்னதால்தான் வந்தேன் என்றேன். என்ன சொன்னாள் என்று கேட்டாள். பேசிக் காட்டுவதில் நானும் சின்னம்மாவின் சிஷ்யைதான். அதே குரலில் சொன்னேன்: "இவங்களக் கொண்டுபோயி அவங்க ஊட்டுல உட்டுட்டு வா."

அம்மாவின் முகம் மாறிப்போனது. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாளா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். குழந்தையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, சேற்றுக் காலோடு வரப்பில் ஓடினாள். அம்மா ஓடி அதுவரை நான் பார்த்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா அந்த அறையின் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். கதவைத் தட்டவும் இல்லை, கத்தவும் இல்லை. மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். "புள்ள உன்ற மாமன் கையில இருக்குது. ஆரும் உன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எனக்குத்தான் ஒண்ணும் தெரியாமப் போச்சு சாமி. கதவத் தெற." தனக்கு ஒன்று தெரியாது என்று அம்மா சொல்லிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. எவ்வளவு நேரம் ஆனதோ, தாழ்ப்பாள் விலகியது. சின்னம்மாவுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அம்மா உள்ளே போய் அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். பால் வற்றிவிடும் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

தலையணைக்கு அடியில் இருந்த நம்பருக்கு அம்மாவே போன் செய்தாள். நர்ஸம்மா உடனே வந்தார். இந்த முறை அவர் சொல்லாமலேயே அம்மா எழுந்து வெளியே வந்து நின்றுகொண்டாள். சின்னம்மா பேசினாள், வெகுநேரம் பேசினாள். அன்றைக்கே காரை வரவழைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அம்மாவும் குழந்தையும் கூடவே போனார்கள். மனநல டாக்டர் பார்த்தார். பிரசவத்துக்குப் பிறகு எத்தனையோ பேருக்கு வருகிற நோய்தான் இது, இவள் பேரில் தப்பில்லை, சரியாகிவிடும் என்று சொல்லி, பால் கொடுக்கிறவளுக்கு ஏற்ற மாத்திரையும் எழுதிக் கொடுத்தாராம். சில நாள் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். சித்தப்பா ரிக்கை அப்படியே விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். குழந்தைக்குத் துணி மாற்றவும் தோளில் போட்டுத் தட்டவும் கற்றுக்கொண்டார்.

ஊரில் கேட்டவர்களிடம், ரத்தம் கம்மியாம், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று அம்மா சொல்லிவைத்தாள். ஸ்பேனர் வைத்தால் எப்படி, அரிவாள் வைத்திருந்தால் இரும்பு குறைந்திருக்காது என்று ஒரு பெரியம்மா விளக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

குணமாக மாதக்கணக்கில் ஆனது. ஒரு நாள் நன்றாக இருப்பாள், மறுநாள் பழையபடி சுவரைப் பார்ப்பாள். மழை பிடித்த பிறகு ஒரு நாள், குழந்தை அடுத்தடுத்து இரண்டு தும்மல் போட்டது. "என்ன சாமி, சளி புடிச்சுக்கிச்சா?" என்றாள் சின்னம்மா. என்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "எனக்கில்லை" என்றேன். அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு அந்த மத்தியானத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. பெரியவர்கள் சொல்லாமல் விட்டதை நானே என் புத்திக்கு எட்டியபடி இட்டு நிரப்பிக்கொண்டேன். சின்னம்மாவுக்குக் குழந்தையைப் பிடிக்கவில்லை, வேண்டாம் என்று கொடுத்தனுப்பிவிட்டாள் என்பதுதான் நான் வைத்திருந்த கதை. வைத்திருந்ததோடு விட்டிருக்கலாம். பதினைந்து வயதில், ரிமோட்டுக்காக வந்த ஒரு சண்டையில், ஆறு வயதாகியிருந்த அந்தக் குழந்தையிடமே, என் தங்கச்சியிடம், "உங்கம்மா உன்னைய வேண்டாம்னு குடுத்துட்டாங்க, தெரியுமா" என்று சொல்லிவிட்டேன். சமையலறையில் சின்னம்மா இருந்தாள். தேங்காய் துருவும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டது. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

போன வருடம் எனக்கு ஏழாம் மாதம். சேலத்தில், அஸ்தம்பட்டியில் நான் காட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில், கூட வந்தவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ஒரு தாளைக் கொடுத்தார்கள். தூக்கம், அழுகை, பயம். நர்ஸம்மா கேட்ட அதே கேள்விகள்தான், என் தாளில் நானே பதில் எழுதினேன். அன்றைக்கு வெளியே போய் உட்கார்ந்திருந்தது சின்னம்மா. வீட்டுக்குத் திரும்பியதும், எதைக் கேட்டார்கள் என்று விசாரித்தாள். சொன்னேன். அப்புறம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, அன்றைக்கு ஏன் பாப்பாவை என்னிடம் கொடுத்தனுப்பினீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

சின்னம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "அப்ப எனக்கு என்னென்னமோ தோணுச்சு சாமி. என்ற கைய நெனச்சாலே எனக்குப் பயம். என்ற கைக்கு எட்டாத எடத்துல புள்ள இருக்கோணும்னு மட்டுந்தான் தெரிஞ்சுது. ஊட்டுல வேற ஆரு இருந்தா, நீதான இருந்த."

ஒரு தாய் தன் பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தனுப்புகிறாள் என்பது தெரியாமல், கை வலிக்கிறதே என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே அன்றைக்கு நான் போய்க்கொண்டிருந்தேன்.