கரியை வெறுத்த மயிலக்கா

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் பொள்ளாச்சி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது மயிலக்காவோடு வேலை பார்த்த சரஸ்வதி போனில் கூப்பிட்டாள். "அண்ணா, மயிலக்கா போயிருச்சுங்க" என்றாள். மயிலக்காவின் ஊரான எருத்தேன்பதிக்கு ஆட்டோ தேடிக்கொண்டிருக்கும்போதே, நாங்கள் எல்லோரும் வேலை பார்த்த ஆலையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு அஞ்சலிப் படம் வந்துவிட்டது. பச்சை இலைகளுக்கு நடுவில் மயிலக்காவின் முகம். கீழே, "எங்கள் பசுமைப் பயணத்தின் முன்னோடி". கோவை ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு இன்னும் வீடு வந்து சேரவில்லை, அதற்குள் இவர்களுக்கு ஒரு முன்னோடி கிடைத்துவிட்டார். போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. மயிலக்காவைத் தெரிந்த உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேரள எல்லையில் வாளையார் பக்கத்திலிருக்கும் எங்கள் ஆலைக்குச் சொந்தமாக நிலக்கரியில் ஓடும் மின்நிலையம் ஒன்று இருந்தது. நான் அங்கே பாய்லர் ஆப்பரேட்டர், நிரந்தரத் தொழிலாளி. மயிலாத்தாள் என்ற மயிலக்கா கரிக்களத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார். லாரிகள் கொட்டிவிட்டுப் போகும் கரியைக் கூட்டிச் சேர்ப்பதும் தண்ணீர் அடிப்பதும் அவரும் அவரோடிருந்த பெண்களும் செய்த வேலை. குவித்து வைத்த கரி வெயில் காலத்தில் உள்ளுக்குள்ளேயே கனிந்து புகைய ஆரம்பிக்கும். அதனால் உச்சி வெயிலில் ஹோஸைத் தூக்கிக்கொண்டு குவியலைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். சூடாக இருப்பதைக் கண்டால் தண்ணீர் அடிக்க வேண்டும், யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. அந்தக் களத்தில் அவர்கள் கற்ற முதல் பாடமும் கடைசிப் பாடமும் அதுதான்.

சோலாருக்கு மாறுவதற்காக மின்நிலையத்தை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தவுடன் ஒரு கட்சிக்காரர் காரில் வந்து இறங்கினார். அதுவரை கரிக்களம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. கையோடு தட்டிகள் எழுதிக் கொண்டுவந்திருந்தார். "நிலக்கரி எங்கள் உயிர்" என்று ஒன்றை மயிலக்காவின் கையில் கொடுத்தார். மயிலக்கா அதைப் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "ஏனுங்க, எங்க உசுர எடுக்கறதே இதுதானுங்களே? என்ற இருமலக் கேட்டீங்களா? மூடட்டுமுங்க, நல்லாத்தான் மூடட்டும். மூடுனதுக்கப்புறம் நாங்க எங்க போறதுன்னு எழுதிட்டு வாங்க, புடிக்கிறோம்." கட்சிக்காரர் அப்படி ஒரு தட்டியை எழுதிக்கொண்டு வரவே இல்லை.

மூடும் விழாவில் மேடை போட்டார்கள். மின்நிலையத்தை மூடுவதற்கு விழா எடுத்தவர்களை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "ஒரு தொழிலாளியைக்கூடக் கைவிட மாட்டோம்" என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். நிரந்தரத் தொழிலாளிகளான எங்களைக் கைவிடவில்லை, உண்மைதான். என்னை ஆலையின் கன்ட்ரோல் ரூமில் ஏசிக்குக் கீழே உட்கார வைத்தார்கள். கரிக்களத்துப் பெண்களைப் பற்றிக் கேட்டால், அவர்கள் தொழிலாளிகளே இல்லையாம், கான்ட்ராக்டரின் ஆட்களாம். கான்ட்ராக்டர் போனை அணைத்து வைத்துவிட்டார். எங்கள் யூனியன் தலைவர்கள் லட்டு தின்றுகொண்டிருந்தார்கள்.

மயிலக்கா பெண்களைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். கரிக்களம் இருந்த அதே நிலத்தில் சோலார் பேனல்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். "அந்தப் பலகையத் தொடைக்க, புல்லு வெட்ட ஆளு வேணுமில்லீங்களா? அந்த மண்ணுல இத்தன நாளு கெடந்தது நாங்கதானுங்க. எங்களுக்குக் குடுங்க" என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு. யார் வந்து எதைச் சொன்னாலும் கடைசியில் அங்கேயே வந்து நிற்பார். பத்திரிகைக்காரர்கள் வர ஆரம்பித்த பிறகு ஆலை இறங்கி வந்தது. முதலில் சோதனைக்கு வைத்துப் பார்க்கிறோம், பிறகு நிரந்தரமாக்குகிறோம் என்றார்கள். அன்றைக்கே எல்லோருக்கும் இலை படம் போட்ட டீ ஷர்ட் கொடுத்துப் போட்டோவும் எடுத்தார்கள். அஞ்சலிப் படத்தில் வந்த முகம் அந்தப் போட்டோவிலிருந்து வெட்டியெடுத்ததுதான்.

பயிற்சி என்று ஒன்று நடந்தது. கொச்சியிலிருந்து வந்த ஓர் அதிகாரி ஒரு முற்பகல் முழுக்கத் திரையில் இங்கிலீஷ் படங்களைக் காட்டி, புத்தக மலையாளத்தில் வேகமாகப் பேசிவிட்டுச் சாப்பிடப் போனார். நாமெல்லாம் மலையாளம் தெரிந்தவர்கள்தான். சந்தையிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் பேசும் மலையாளம் வேறு, அவர் பேசியது வேறு. பெண்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். ஒருவராவது அவர்களிடம் திருப்பிக் கேட்டுப் பார்த்திருக்கலாம், கேட்கவில்லை.

பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். நல்ல கோடை. உச்சி வெயிலில் மயிலக்கா ஒரு பேனலைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். சுட்டிருக்கிறது. கரிக்களத்துக் கை வேறென்ன செய்யும்? "புள்ளைங்களா, காயுது பாருங்க, தண்ணிய அடிங்க" என்று கூப்பிட்டிருக்கிறார். எல்லோரும் ஹோஸை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பேனலைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் ஓடினார்கள். கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டவுடன் வரிசையாகக் கீறல் விட்டது. வெயில் ஏறுவதற்கு முன்பே கழுவிவிட வேண்டும் என்பதை அவர்களுக்குப் புரிகிற மாதிரி யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆலை காத்துக்கொண்டிருந்ததே இதற்குத்தான் என்பதுபோல மறுநாளே விசாரணை வைத்தது. நானும் யூனியன் கமிட்டி ஆள் என்பதால் உள்ளே இருந்தேன். "இவர்களுக்கு நவீனத் தொழில் சரிப்படாது" என்றார் மேனேஜர். மயிலக்கா எழுந்து, "நாந்தானுங்க அடிக்கச் சொன்னேன். தப்பு என்ற தப்பு, அவுங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார். மேனேஜரின் குரல் உடனே குழைந்தது. "உங்களைப் போகச் சொல்லவில்லையே அம்மா. நீங்கள் சூப்பர்வைசராக இருங்கள். மற்றவர்கள்தான்…" என்று இழுத்தார். மயிலக்காவின் படம் அப்போது ஆலையின் எல்லா விளம்பரங்களிலும் இருந்தது. அந்த முகம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. மயிலக்கா மேனேஜரை ஏற இறங்கப் பார்த்தார். "என்னய மட்டும் வெச்சுக்கறதுக்கு நானென்ன திருஷ்டிப் பொம்மைங்களா? எல்லாத்தையும் வெச்சுக்குங்க, தமிழ்ல சொல்லிக் குடுங்க, செய்யறோம். இல்லாட்டி நானும் வரலீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். அடுத்த வாரமே வெளியூரிலிருந்து வேறு ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

அதற்குப் பிறகு லேபர் ஆபீஸுக்கு அலைந்தார். சில முறை நானும் கூடப் போனேன். அங்கிருந்த அதிகாரி ஒவ்வொரு முறையும் "நோக்காம்" என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். இந்தப் பக்கத்து ஆபீசுகளில் அந்தச் சொல்லைக் கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். மயிலக்கா கிளம்ப மாட்டார். "எப்பப் பாப்பீங்க?" என்று கேட்டுவிட்டுப் பெஞ்சிலேயே இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த இருமல் அதிகாரிக்கு இடைஞ்சலாக இருந்ததாம், வெளியே காற்றோட்டமாக உட்காரச் சொன்னார். கரித்தூளை விழுங்கிப் பழுத்த நெஞ்சு அது. காற்றைச் சுத்தப்படுத்திவிட்டதாகப் பரிசு வாங்கும் ஆலை, அந்த நெஞ்சை ஒரு டாக்டரிடம்கூடக் காட்டவில்லை.

எருத்தேன்பதியில் உடம்பை எடுக்கப் போகும் நேரத்தில் ஆலையிலிருந்து பெரிய மலர்வளையத்தோடு வந்தார்கள். கூட ஒரு கேமராக்காரர். வந்த அதிகாரி சரஸ்வதியிடம் போய், பெண்கள் எல்லோரும் வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் நிற்க முடியுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். சரஸ்வதி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்குளுக்கு வேலை ஆர்டர் கொண்டாந்தீங்களா?" என்றாள். "இது அதைப் பேசுகிற நேரமா அம்மா?" என்றார் அவர். "இப்ப இல்லீன்னா எங்கள்ல இன்னொருத்தி சாகற வரைக்கும் இருக்கோணுங்களா?" என்று சரஸ்வதி கத்தினாள். ஒரு பெண்கூட எழுந்து வரவில்லை. வளையத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அவர்கள் கார் ஏறினார்கள்.

அடுத்த மாதம் சோலார் வயலுக்கு மயிலக்காவின் பெயரை வைக்கப் போகிறார்களாம். அவரை நெருங்கிப் பழகியவன் என்று என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், நல்லபடியாகப் பேச வேண்டும் என்று தனியாகவும் சொல்லி அனுப்பினார்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவருடைய பிடிவாதம் மட்டும்தான். நேற்று ஆலைக்குப் பதில் அனுப்பிவிட்டேன்: "அந்தப் பெண்கள் வேலை உடுப்போடு அந்த வயலுக்குள் நடந்து போகிற அன்றைக்கு வந்து பேசுகிறேன். அதுவரை அந்தப் பெயரை அங்கே எழுதுவதற்கு உங்களில் யாருக்கும் யோக்கியதை இல்லை."