ஹூஸ்டனில் மூன்று நாள், ஒரு தாளிப்பு

ஹூஸ்டனுக்குச் சுற்றிப் பார்க்க யாரும் போவதில்லை. நானும் போயிருக்க மாட்டேன். இரண்டு காரணங்கள் சேர்ந்துகொண்டன. ஆறு மாதமாக ஜெர்சி சிட்டியில் என்னோடு இருந்த அம்மா ஏப்ரல் கடைசியில் ஈரோடு திரும்புகிறார். அதற்குள் தன் அக்கா மகள் சாந்தாமணியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். இன்னொன்று, சாந்தாமணி அக்காவே போன் பண்ணி எனக்கு ஒரு வேலை கொடுத்தார்.

"மூணு நாள் என் ஹோட்டல்ல வந்து தங்குடா. சாதாரண கெஸ்ட் மாதிரி. என்னென்ன பிடிக்கலையோ எல்லாத்தையும் சொல்லு."

"நான் எதுக்கு?"

"நம்ம ஆளுங்க ஹோட்டல்ல கம்ப்ளெயின்ட் பண்ணவே மாட்டாங்க. ஷவர்ல தண்ணி வரலேன்னா பக்கெட் கேப்பாங்க. நம்ம சொந்தத்துல குறை சொல்லியே பேர் வாங்கினவன் நீ ஒருத்தன்தான்."

பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அது ஹூஸ்டனின் மிக உயர்ந்த ரக ஹோட்டல்களில் ஒன்று. பழைய ஜெனரல் மேனேஜர் விலகிப் போனதிலிருந்து எட்டு மாதமாக அக்காதான் அந்த இடத்தில் 'தற்காலிகம்'. நாங்கள் தங்கப்போகும் வார இறுதியில் முதலாளியும் வந்து தங்குகிறார். சனிக்கிழமை பதினோரு மணிக்கு மீட்டிங். அந்த நாற்காலியை அக்காவுக்கே கொடுப்பதா, வெளியிலிருந்து ஆள் கொண்டுவருவதா என்பது அதில் தெரிந்துவிடும். இந்த இடத்துக்கு வர அவருக்குப் பத்து வருடம் ஆகியிருக்கிறது.

நூவர்க்கிலிருந்து வெள்ளிக்கிழமை காலை 7.10 விமானம். மூன்று வாரம் முன்பே வாங்கியதால் டிக்கெட் ஆளுக்கு 238 டாலர். நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு மணி நேரம் கடிகாரத்தில் திரும்பக் கிடைக்கும். அம்மாவின் கைப்பையில் மின்சார அடுப்பு, இரண்டு எவர்சில்வர் பாத்திரம், அரிசி, ரசப்பொடி, கடுகு, மிளகாய், பெருங்காயம். எக்ஸ்ரே இயந்திரத்தில் இருந்தவர் அடுப்பை வெளியே எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் பறித்துக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரை பாதியில் முடிந்திருக்கும்.

விமான நிலையத்திலேயே வாடகைக் கார், நாளுக்கு 31 டாலர். ஹோட்டல் 27 மைல். டெக்சாஸில் முதல்முறை ஓட்டுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஃப்ரீவேயை ஒட்டியே இருபுறமும் ஒரு தெரு கூட ஓடிவரும். எக்ஸிட்டைத் தவறவிட்டால் ஜெர்சி மாதிரி அடுத்த ஊர் வரை போய்த் தொலைய வேண்டாம். அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, பாலத்துக்கு அடியில் யூ-டர்ன் அடித்தால் போதும். நான் இரண்டு முறை அடித்தேன். அச்சடித்து எடுத்துப்போன வரைபடம் தப்பு.

வாசலில் பெட்டி தூக்குகிறவர் வந்தார். அம்மா கைப்பிடியை விடவில்லை.

"என்ற பெட்டிய நான் தூக்க மாட்டனா? வயசான மனுசன் மாதிரி இருக்கறாரு, அவரப் போயி..."

அவருக்கு அம்மாவைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும்போது அக்கா வந்துவிட்டார். கருநீலக் கோட்டு, தட்டையான செருப்பு, மார்பில் 'சாந்தா' என்ற சின்னப் பட்டை. அம்மா பளிங்குத் தரையையும் பார்க்கவில்லை, ஆளுயரப் பூச்சாடியையும் பார்க்கவில்லை. "ஏங் கண்ணு இப்படி இளைச்சுப் போயிட்ட?" என்றார்.

சாயங்காலம் அக்காவுக்கு மூன்று மணி நேரம் ஓய்வு கிடைத்தது. பக்கத்து ஊரான பேர்லண்டில் இருக்கும் கோயிலுக்குப் போனோம். ஹோட்டலிலிருந்து 24 மைல், போக்குவரத்தில் ஐம்பது நிமிடம். வழியில் அவர் கதையை முதல்முறையாக முழுசாகக் கேட்டேன். 1990-இல் கல்யாணமாகி ஜெர்சி சிட்டி வந்தவர், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் விமான நிலையத்துப் பக்கம் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேஜையில் சேர்ந்திருக்கிறார். அங்கே அவர் வேலை கற்றுக்கொடுத்த ஒருவன் அடுத்த வருடமே அவருக்கு அதிகாரி. மாமாவுக்கு சான்பிரான்சிஸ்கோ பக்கம் மில்பிடாஸில் வேலை கிடைத்ததும், அக்காவுக்கு சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பெரிய ஹோட்டல். அறைகள் முழுவதும் அவர் பொறுப்பு. பிறகு இங்கே, இரண்டாமிடத்தில். மாமா இன்னும் மில்பிடாஸில்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பறந்து வருகிறார்.

"ஊருல என் வேலையைப் பத்தி என்ன சொல்லி வெச்சிருக்கீங்க சித்தி?"

"பெரிய ஆபீஸ்லன்னு சொல்லியிருக்கறேன். ஹோட்டல்னா, தோசை சுடறாளா, ரூம் கூட்டறாளான்னு கேக்கறாங்க."

"ரெண்டும் பண்ணியிருக்கேன் சித்தி. தோசைதான் கெஸ்ட்டுக்குப் பிடிக்கல."

சனிக்கிழமை காலை ஏழு மணி. கீழே அக்கா செய்தித்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். லிஃப்டிலிருந்து வந்த ஒரு மனிதர் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், 612-க்கு இரண்டு துண்டு வேண்டும் என்றார். அக்கா தலையசைத்தார். தாமே இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு ஆறாம் மாடிக்குப் போய்வந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான்தான் மேனேஜர்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா அவருக்குத் துண்டு வந்துருமா?"

ஒன்பதரைக்கு, நான் கண்ட குறைகளை அக்காவிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெந்நீர் வரத் தாமதம். படுக்கையருகே இருக்கும் கடிகாரம் ஆறு நிமிடம் பிந்தி ஓடுகிறது. தலையணை ஏழு எதற்கு? அக்கா நிஜமாகவே கவனமாகக் கேட்டார். அப்போதுதான் அலாரம் அடித்தது. கட்டடம் முழுக்க. அக்கா வரவேற்பு மேஜைக்குப் பின்னால் இருந்த பலகையைப் பார்த்தார். ஒன்பதாம் மாடி, கிழக்கு நடை.

எங்கள் அறை ஒன்பதாம் மாடி, கிழக்கு நடை.

என்ன நடந்தது என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மீட்டிங்குக்கு முன்னால் அக்காவுக்கு ஒரு வாய் ரசம் சாதம் கொடுக்க வேண்டும் என்று அம்மா முடிவு செய்திருக்கிறார். கடுகும் மிளகாயும் தாளித்ததில் புகை. இந்த மாதிரிக் கட்டடங்களில் அறைக்குள் இருக்கும் கருவி அந்த அறைக்குள் மட்டும்தான் கத்தும். அறைக்கு வெளியே நடையில் இருப்பது கத்தினால் மொத்தக் கட்டடமும் கத்தும். ஜன்னல் திறக்காது. அம்மா, புகை போகட்டும் என்று கதவை அகலத் திறந்து வைத்திருக்கிறார். அவ்வளவுதான்.

ஐந்து நிமிடத்தில் எல்லோரும் வெளியே புல்வெளியில். குளியல் அங்கியோடு, ஈரத் தலையோடு. முதலாளி ஆறடிக் கிழவர். ஒரு கன்னத்தில் சவர நுரை அப்படியே இருந்தது. அம்மா மாடிப்படி வழியாக இறங்கி வந்தார், ரசப் பாத்திரத்தை ஹோட்டல் துண்டால் மூடிக்கொண்டு.

"இத்தனூண்டு கடுகுடா கண்ணு. அதுக்கு ஊரே வெளிய வந்துருச்சு?"

அக்கா குரலை உயர்த்தவே இல்லை. சமையலறை ஆட்கள் நாற்காலியும் தண்ணீரும் காபியும் கொண்டுவந்தார்கள். சக்கர நாற்காலியில் ஒரு பாட்டியம்மா ஏழாம் மாடியில் இருக்கிறார் என்பது அக்காவுக்கு நினைவிருந்தது. தீயணைப்பு வண்டி வந்து நின்றதும் முதலில் அதைத்தான் சொன்னார். விருந்தினர்களைப் பெயர் சொல்லியே கூப்பிட்டார். இருபது நிமிடத்தில் தீயணைப்புக்காரர்கள் எல்லோரும் உள்ளே போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் அக்காவைத் தனியே இழுத்தேன். "சென்சார் கோளாறுன்னு சொல்லிருங்க. இது அடிக்கடி நடக்கறதுதான். யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

"சொன்னா நாளைக்கு என் மெயின்டெனன்ஸ் ஆளைக் கேப்பாங்க. அவன் போன வாரம்தான் அத்தனையும் டெஸ்ட் பண்ணான்."

முதலாளி நுரையைத் துடைத்தபடி வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். அக்கா ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "என் சித்தி அறையில் சமைத்தார். எனக்காக. அவரைத் தங்க வைத்தது நான். தவறு என்னுடையது."

அவர் அம்மாவையும் பாத்திரத்தையும் பார்த்தார். "அது வேறு ஒரு விருந்தாளியாக இருந்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பீர்களா?"

"விருந்தாளியின் பெயரைச் சொல்லியிருக்க மாட்டேன். உங்களிடம்கூட."

அவர் மிச்ச நுரையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மீட்டிங் நடந்தது. ஒரு மணிக்கு அக்கா எங்கள் அறைக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆறிப்போன ரசத்தைச் சாதத்தில் ஊற்றிக்கொண்டார்.

"என்னால உன்ற வேலை போயிருமா சாமி?" அம்மா கேட்டார்.

"தெரியல சித்தி. ஒண்ணுமே சொல்லாம கிளம்பிட்டாரு." இன்னொரு வாய் சாப்பிட்டார். "ரசத்துல உப்பு கம்மி."

இரண்டு வாரம் கழித்து அக்கா போன் பண்ணினார். அப்போது அம்மா ஈரோட்டில். அக்காவின் விசிட்டிங் கார்டில் 'தற்காலிகம்' என்ற சொல் போய்விட்டதாம். முதலாளி காரணம் எதுவும் சொல்லவில்லை. நான் குறை சொன்ன அந்தக் கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டார்களா என்று மட்டும் கேட்டாராம். நான் சொன்ன குறைகளை அக்கா மீட்டிங்கிலேயே சொல்லியிருக்கிறார். நான் உடனே ஈரோட்டுக்குப் போன் போட்டேன். அம்மா அன்றைக்கே தெருவில் சொல்லிவிட்டார். ஆபீஸ் என்றெல்லாம் இல்லை. ஹோட்டல், மேனேஜர், முந்நூறு ரூம் என்று.

நான் இருக்கும் கம்ப்யூட்டர் துறையில் ஒரு புரோகிராம் பழுதாகி நின்றால், பக்கத்து ஆள் எழுதிய மாட்யூலைக் கைகாட்டுவோம். நானும் அதைத்தான் கற்றிருந்தேன். இனி அப்படிச் செய்யாமல் இருக்க முடியுமா என்று தெரியவில்லை; முயற்சி செய்கிறேன்.

போகிறவர்களுக்கு: ஏப்ரல் நல்ல மாதம், ஜூனுக்குப் பிறகு வெளியே நிற்க முடியாது. பெரிய ஹோட்டல்களில் வார நாள்களைவிட வார இறுதியில் வாடகை குறைவு, கேட்டால் இன்னும் குறைப்பார்கள். பெட்டியைத் தூக்க விடுங்கள், பெட்டிக்கு இரண்டு டாலர் கொடுங்கள். அடுப்பை வீட்டில் வையுங்கள். மீறி எடுத்துப்போனால் கதவைத் திறக்காதீர்கள்.

இன்னொன்று. அந்த ஹோட்டலில் காலை ஏழு மணிக்குக் கருநீலக் கோட்டு போட்ட ஒரு தமிழ்ப் பெண் செய்தித்தாள் அடுக்கிக்கொண்டிருந்தால், அவரிடம் துண்டு கேட்காதீர்கள். கேட்டால் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.